முதலாளி இல்லாத காலைக் கூட்டம்

என் கணவருக்கு மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு மாற்றல் வந்தபோது நான் சென்னை வேலையை விட்டுவிட்டு, சேலத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் குழுத் தலைவியாகச் சேர்ந்தேன். சேர்ந்த நேரம் அங்கே யார் முகத்திலும் களை இல்லை. எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர், தீவனம், முட்டை, தடுப்பூசி எல்லாவற்றையும் போனிலேயே பதிந்து பார்க்க ஒரு செயலி கேட்டிருந்தார். இவர்கள் ஒரே ஒரு முறை அவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, மாதக்கணக்கில் எழுதி, மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டது இது இல்லையே என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

சென்னையில் நாங்கள் அஜைல் முறையில் வேலை செய்தோம். இரண்டு வாரத்தில் முடிகிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்வது, முடிந்ததைக் கேட்டவரிடமே காட்டுவது, அவர் சொல்வதைக் கேட்டு அடுத்ததை முடிவு செய்வது. தினமும் காலையில் எல்லாரும் நின்றபடியே சிறிது நேரம் பேசிக்கொள்வது. இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். பண்ணைக்காரரும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார்.

காலைக் கூட்டத்துக்கு முதலாளியும் வந்தார். நாங்கள் நிற்போம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பார்த்து முடிந்ததா என்று கேட்பார். எல்லாரும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்பார்கள். நேற்றும் அதையேதான் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். பேசுகிறவர்களின் கண் பக்கத்தில் நிற்பவர் பக்கம் போகாது, நாற்காலியைவிட்டு நகராது.

முதல் இரண்டு வாரம் முடிந்து, முதலாளியோடு எருமப்பட்டிக்குப் போனோம். பண்ணைக்காரர் அன்றைய முட்டைக் கணக்கைத் தானே போனில் பதிந்தார். திரையில் வந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, எம்பட கோழியெல்லாம் முட்டை போடறதையே உட்டுருச்சுங்களா?"

போனில் பதியும் பகுதியை எழுதியவர் கணக்கை அட்டையில் வாங்கியிருந்தார். ஓர் அட்டை என்றால் முப்பது முட்டை. அறிக்கைப் பகுதியை எழுதியவர் அதையே ஒவ்வொரு முட்டையாக எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் அடுத்தடுத்த மேசை. அங்கேயே ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். இருவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. காலைக் கூட்டத்தில் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று சார் நினைப்பாரே என்று விட்டுவிட்டார்களாம்.

திரும்பும்போது நான் முதலாளியின் காரில் வந்தேன். நாமக்கல் தாண்டியதும், இந்த இரண்டு வார வேலையெல்லாம் நமக்குச் சரிப்படாது, பழையபடியே செய்யலாம் என்றார். இப்போது விட்டால் பிறகு இதைப் பேசவே முடியாது என்று மட்டும் தெரிந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"சார், முறையில தப்பு இல்லைங்க. காலைக் கூட்டத்துக்கு நீங்க வரக் கூடாதுங்க."

"என் கம்பெனி, என் ஆளுங்க. நான் வரக் கூடாதா?"

"நீங்க இருந்தா அவங்க உங்களுக்குப் பதில் சொல்றாங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டேங்கறாங்க. அடுத்த இரண்டு வாரம் மட்டும் விட்டுப் பாருங்க. அதுலயும் சரியா வரலைன்னா நானே பழைய வழிக்கு வர்றேன்."

ராசிபுரம் வந்ததும் அவர் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, சரி என்றார். கோபம் தணிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நாற்காலி இல்லாமல் நின்றோம். செய்ததைச் சோதித்துப் பார்க்கும் பெண், அதுவரை இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், போன வாரம் எல்லாரும் முடிந்தது என்று சொன்ன எதுவும் தன் கைக்கே வரவில்லை என்றாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். அறிக்கை எழுதியவர் முகம் சிவந்தது. தடுப்பூசிப் பகுதியில் தான் நாள்கணக்கில் சிக்கிக் கிடப்பதாகச் சொன்னார். இன்னொருவர் அதைத் தான் பார்ப்பதாகச் சொல்லி, அவர் மேசைக்கே போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இரண்டு வார வேலைகளைச் சீட்டுகளில் எழுதி ஒட்டியிருந்த பலகையிலிருந்து, முடியாது என்று தெரிந்த பாதியை நான் எடுத்துவிட்டேன்.

பாதி வேலை வராது என்பதைப் பண்ணைக்காரருக்கு யார் சொல்வது? நானே போன் செய்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். தடுப்பூசித் தேதி மட்டும் தப்பாமல் வந்தால் போதும், மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும் என்றார். எடுத்த சீட்டுகளில் இருந்த, அறிக்கைக்கான படமும் வண்ணக் கோடும் அவர் கேட்டதுதானா என்று விசாரித்தேன். அது உங்கள் ஆட்கள் ஆசைப்பட்டது என்றார்.

அடுத்த இரண்டு வாரம் முடிந்து எருமப்பட்டிக்கு நாங்கள் கொண்டுபோனது கொஞ்சம்தான். அவரே பதிந்தார், அழித்தார், மறுபடி பதிந்தார். எந்தக் கொட்டகைக்கு எந்தத் தேதியில் ஊசி என்பது சரியாக வந்தது. "நாளையில இருந்து இதையே வெச்சுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன வேண்டும் என்பதை அங்கேயே பேச ஆரம்பித்தார். முதலாளி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் காலைக் கூட்டத்துக்கு வரவில்லை. பலகையை மட்டும் தன் அறையிலிருந்து தெரிகிற சுவருக்கு மாற்றச் சொன்னார். அது நியாயம்தான், மாற்றினேன். எல்லாம் கூடிவந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அறிக்கை எழுதியவர் பெங்களூருக்குப் போய்விட்டார், அவர் இடத்துக்கு ஆள் கிடைக்க அலைந்தோம். இப்போது திருச்செங்கோட்டிலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் கம்பெனி செயலி கேட்டு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த ஆடிக்குள் ஒரேயடியாகத் தர வேண்டுமாம். முதலாளி அவர்களிடம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை நான் அவர் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டுப் பேச வேண்டும்.