திருக்கைத் தோல் செருப்பு

அம்மணி செருப்பு தைத்தாள். தைத்ததைப் போட்டுக்கொண்டும் நடந்தாள். முதலாவதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதுதான் பழவேற்காட்டையே கொதிக்க வைத்தது. தோல் வேலை செய்கிறவர்கள் தரகர் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். "தெச்சது என் கை. போட்டுக்க எவன்கிட்ட கேக்கணும்?" என்பாள் அவள். தெருவே அவளை முறைக்கும்.

கோட்டையில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. துணிப் பொதிகள் தோணியில் போய்க் கப்பலேறின. துணி மட்டும் ஏறவில்லை. பஞ்சம் வந்த வருஷங்களில் ஆட்களும் ஏறினார்கள். அதற்கென்றே தரகர்கள் இருந்தார்கள். அர்ஜுனன் அவர்களில் ஒருவன், நல்ல வாய்க்காரன். படியில் அரிசியோடு வருவான். கூடவே ஓர் ஓலையை நீட்டுவான். எழுத்து தெரியாதவர்களுக்குத் தொழில்தான் கையெழுத்து. மீன் பிடிக்கிறவன் மீனைக் கீறுவான், தோல்காரன் குத்தூசியைக் கீறுவான்.

அம்மணியின் புருஷன் ஒரு பஞ்சத்தில் அர்ஜுனன் நீட்டிய ஓலையில் அப்படிக் குத்தூசி கீறினான். அரிசி வாங்கியதற்குச் சாட்சி என்று நினைத்தான். எட்டாம் நாள் இரண்டு பேர் வந்து அவர்களுடைய ஏழு வயது மகன் மாசிலாமணியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புருஷன் அந்த வருஷமே செத்துப்போனான். ஓலையின் நகல் ஒன்று கூரையில் செருகியபடி கிடந்தது. அம்மணி அழுதாளா என்றால், அழுதாள். தீரவில்லை.

கோபம் தீராதவர்கள் என்னென்னவோ செய்வார்கள். இவள் பள்ளிக்கூடம் வைத்தாள்.

தோணிகள் ஒதுங்கும் தோணிரேவில் ஒரு பனையோலைக் கொட்டகை போட்டாள். மயிலாப்பூர்ப் பாதிரிகளிடம் எழுத்துப் படித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த சந்தியாகுவை வாத்தியாராக உட்கார வைத்தாள். கோட்டைச் சிப்பாய்களின் பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றிக் கிடைத்ததெல்லாம் சந்தியாகுவுக்கு நெல்லாகவும், பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சியாகவும் போயிற்று.

அந்தப் பிள்ளைகளின் வீட்டார் ஏரியில் கையால் இறால் பிடிப்பவர்கள். இடுப்பளவு நீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும் என்பதால், பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். பிடித்த இறால் நேராகப் பறிக்குள் விழும். பிள்ளைகளுக்கும் அதே வேலைதான். ஆகவே கடல் ஓதத்தோடு ஏரி நீர் வற்றினால் இறால், ஏறினால் பள்ளிக்கூடம் என்று அம்மணி முறை வைத்தாள். எந்த ராஜ்யத்திலும் இப்படி ஒரு பள்ளிக்கூடம் நடந்திருக்காது.

அர்ஜுனன் முதலில் சிரித்தான். பிள்ளைகள் ஓலையை எழுத்துக்கூட்ட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. ஒருநாள் பட்டறைக்கே வந்து, இறால் பொறுக்கிகளுக்கு எழுத்து எதற்கு, கொட்டகையைப் பிரித்துவிடு, இல்லையென்றால் இந்தக் கரையில் உனக்கு ஒரு துண்டுத் தோல் கிடைக்காது என்றான். தோல் மண்டிக்காரர்கள் அவன் கைக்குள்.

"தோலு வராட்டி போவட்டும் தரகரே. நான் தோலக் கேட்டு பொறக்கல" என்றாள் அம்மணி.

பெரிய பேச்சுதான். மறுவாரமே பட்டறை காலி. வாத்தியாருக்கு நெல் இல்லை, கஞ்சிப் பானை கவிழ்ந்து கிடந்தது. சந்தியாகு மூட்டை கட்டத் தொடங்கினான்.

அப்போதுதான் கரையில் வீசப்பட்டுக் கிடந்த திருக்கை மீனின் தோல் அவள் கண்ணில் பட்டது. மேலே மணல் ஒட்டினாற்போல் சொரசொரப்பு, இழுத்தால் கிழியாத உறுதி. உப்புப் போட்டுக் காய வைத்து ஆறு ஜோடி தைத்தாள். சந்தைக்குக் கொண்டுபோனாள். நாற்றம் தாங்காமல் ஆட்கள் ஒதுங்க, தெரு நாய்கள் மட்டும் ஆசையாக வந்து நான்கு ஜோடியைத் தூக்கிக்கொண்டு ஓடின. அர்ஜுனன் தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது. அம்மணி மிச்சமிருந்த இரண்டு ஜோடியோடு வீடு திரும்பி, அடுத்த தோலைக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஊறப்போட்டாள். அதன்பின் ஆவாரம்பட்டையில் போட்டாள். எத்தனை தோல் வீணானதோ. கடைசியில் நாற்றம் போயிற்று, சொரசொரப்பு மட்டும் போகாமல் நின்றது.

துறையில் பொதி சுமக்கிறவர்கள் ஈரப் பலகையில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொள்வது வாடிக்கை. அம்மணியின் செருப்பு வழுக்கவில்லை. ஒருவன் வாங்கினான், பிறகு துறையே வாங்கிற்று. திருக்கைத் தோலை இறால்காரர்களே கொண்டுவந்து போட்டார்கள்; பிள்ளை படிப்புக்கு அதுதான் சம்பளம். சந்தியாகு மூட்டையை அவிழ்த்தான்.

மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. அரிசி எட்டாத விலைக்குப் போயிற்று. அர்ஜுனன் மறுபடி படியும் ஓலையுமாகக் கிளம்பினான். அவன் வருகிற நேரத்தைக் கவனித்தால் அவன் கெட்டிக்காரத்தனம் தெரியும். ஏரி வற்றி, எல்லோரும் பறியைக் கடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் வருவான். வாயில் பறி இருப்பவன் கேள்வி கேட்க முடியாது. தலையை மட்டும் ஆட்ட முடியும். அவனுக்கு அது போதும்.

அன்று இறால் துழாவிக்கொண்டிருந்த பெருமாளிடம் வந்தான். பெருமாள் வீட்டில் இரண்டு நாளாக உலை வைக்கவில்லை. அர்ஜுனன் கரையில் நின்றபடி, நான்கு படி அரிசி, கோடை முடிந்ததும் இறாலாகக் கொடுத்தால் போதும், மீனைக் கீறிவிட்டு வாங்கிக்கொள் என்றான். பெருமாள் தலையை ஆட்டினான். கரையேறிக் கையை நீட்டினான்.

பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்த அவன் மகள் ரங்கம்மாள் வாயிலிருந்து பறியை எடுத்தாள். பத்து வயது, கொட்டகையில் படிக்கிறவள். "நைனா, ஓலய என்கிட்ட குடு" என்றாள்.

அர்ஜுனன் சட்டென்று ஓலையைப் பின்னால் இழுத்தான். அதற்குள் ரங்கம்மாளின் ஈரக் கை அதைப் பிடித்துவிட்டது. செருப்பு விற்கத் துறைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மணியும் வந்து அவள் பக்கத்தில் நின்றுவிட்டாள். ரங்கம்மாள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, உரக்கப் படித்தாள். நான்கு படி அரிசிக்கு ஈடாகப் பெருமாள் தன் மகள் ரங்கம்மாள் என்பவளை முழு மனதோடு விற்று, கப்பலேற்றச் சம்மதித்து எழுதிக் கொடுத்தது.

தன் பெயர் வந்த இடத்தை அவள் இரண்டு முறை எழுத்துக்கூட்டினாள். ஆனாலும் நிறுத்தாமல் கடைசிவரை படித்தாள்.

தண்ணீரில் நின்ற அத்தனை பேரும் பறியை வாயிலிருந்து எடுத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கரையேறினார்கள். அர்ஜுனன் இரண்டடி பின்வாங்கினான். பெருமாள் ஓலையை நான்காக முறித்து ஏரியில் போட்டான். அரிசிப் படியைக்கூட எடுக்காமல் தரகன் போய்ச் சேர்ந்தான். அந்த அரிசியை அன்று அங்கிருந்த எல்லோரும் பொங்கித் தின்றார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

உண்டு முடித்த பிறகு அம்மணி ரங்கம்மாளைத் தன் குடிசைக்குக் கூட்டிப்போனாள். கூரையிலிருந்து அந்தப் பழைய ஓலையை உருவினாள். சந்தியாகுவிடம்கூட அதுவரை அவள் அதைக் காட்டியதில்லை. அதில் எழுதியிருப்பது தெரிகிறபோது நம்ம பிள்ளை வாயிலிருந்துதான் தெரிய வேண்டும் என்று வைத்திருந்தாள்.

"படி."

ரங்கம்மாள் படித்தாள். மாசிலாமணி, வயது ஏழு. தகப்பனும் தாயும் சம்மதித்து. தகப்பன் குறி, தாய் குறி.

அம்மணி குனிந்து பார்த்தாள். அடியில் இரண்டு குத்தூசிகள் கீறியிருந்தன. ஒன்று புருஷன் கீறியது. மற்றது யார் கீறியது என்று அவளுக்குத் தெரியும். அவள் இந்த ஓலையைத் தொட்டதே மகன் போன பிறகுதான்.

"தாயும் சம்மதிச்சாளாம்" என்றாள். அந்தப் பிள்ளை இத்தனை வருஷமாக எங்கேயோ ஒரு தீவில், அம்மாதான் அனுப்பினாள் என்று நினைத்துக்கொண்டிருக்குமோ என்பதுதான் அவளை வதைத்தது.

பட்டறைப் பலகையிலிருந்து குத்தூசியை எடுத்து ரங்கம்மாள் கையில் கொடுத்தாள்.

"இதுக்குக் கீய எயுது. அம்மணிக்கு சம்மதமில்லனு எயுது. அயுத்தி எயுது."

ரங்கம்மாள் எழுதினாள். அம்மணி ஓலையை வாங்கி, கீறிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த ஓலையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி தரகர் தெருவை நோக்கி நடந்தாள்.