நல்லூருக்கு ஒரு டப்பா எள்ளுருண்டை

காலை 6.15. மதுரை ஆரப்பாளையத்தில் திருப்பூர் பஸ் ஏறினேன். டிக்கெட் அறுபத்திரண்டு ரூபாய். தூரம் ஏறக்குறைய நூற்றெண்பத்தைந்து கிலோமீட்டர். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதில் நாற்பது எள்ளுருண்டைகள். திருப்பூர் தனி மாவட்டமாகாத காலம் அது.

உருண்டைகள் என் தங்கை ஸ்டெல்லாவுக்கு. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். மகன் பிறந்தபோது யாரோ கொடுத்த இரண்டு பாட்டில் ரத்தம்தான் அவளைப் பிழைக்கவைத்தது. அதில் ஒன்றையாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு வைராக்கியம். மாசி மாத ரத்ததான முகாமில், ஹீமோகுளோபின் பன்னிரண்டரை வேண்டும், உனக்குப் பதினொன்றரைதான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனில் அழுதாள். மூன்று மாதம் கழித்து அடுத்த முகாம், இன்று மாலை நான்கு மணிக்கு.

பள்ளியில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்துகிறவன் சும்மா இருப்பேனா? தினம் இரண்டு எள்ளுருண்டை என்று அப்போதே உத்தரவு போட்டேன். எள்ளில் பாதி எண்ணெய். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம். இரும்பும் துத்தநாகமும் தாராளம். தோல் நீக்காத எள்ளில் சுண்ணாம்புச் சத்து எடைக்கு எடை பாலைவிட அதிகம். ஆனால் அதைக் கட்டிப்போடும் பொருளும் அதே தோலில் இருப்பதால் முழுதும் உடம்பில் சேராது. மெல்லாமல் விழுங்கினாலோ எள் அப்படியே வெளியே போய்விடும். அதனால் ஒவ்வொரு கடியையும் முப்பத்திரண்டு தடவை மெல்லச் சொன்னேன். முகாம் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தார். பெருமையை மட்டும் நான் எள்ளுக்கே ஒதுக்கிவைத்திருந்தேன்.

திண்டுக்கல்லில் ஒரு டீ, ஒட்டன்சத்திரத்தில் ஒரு டீ. டீக்கு ஓர் உருண்டை. வீட்டிலும் என் பழக்கம் அதுதான்.

9.50. தாராபுரம். பஸ் பத்து நிமிடம் நிற்கும் என்றார் நடத்துநர். மூன்றாவது டீயோடு இருக்கைக்குத் திரும்பினால், பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மூலனூர்க்காரர், திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். டப்பாவைத் திறந்து எள்ளின் மகிமையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாஞ் செரிதானுங்க. அதயெதுக்குங்க டீ குடிச்சுக்கிட்டே திங்கறீங்க?"

"ஏம்மா, அதுல என்ன தப்பு?"

"எம் மவளுக்கு ரத்தமில்லீன்னு மாத்திர குடுத்தப்ப நர்ஸம்மா சொன்னாங்க. டீயோட சேந்தா இரும்பு ஒடம்புல ஒட்டாதாமுங்க. நீங்க வாத்தியாரு, உங்களுக்குத் தெரியாததுங்களா?"

தெரியும். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். தங்கையிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன். பனியன் கம்பெனியில் தின்பண்டம் வாய்க்குள் போவது டீ டைமில்தானே. மூன்று மாதப் பாடும் வீண். கையில் இருந்த டீயை மட்டும் குடித்து முடித்தேன். மூன்று ரூபாய் ஆயிற்றே.

11.20. திருப்பூர் பழைய பஸ் நிலையம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர், இரண்டரை ரூபாய். ஞாயிற்றுக்கிழமையும் நல்லூர்த் தெருவில் தையல் மிஷின் சத்தம் ஓயவில்லை. ஸ்டெல்லா வாசலிலேயே நின்றிருந்தாள்.

பையை இறக்காமலே கேட்டேன். "உருண்டைய டீ டைம்லயா சாப்பிட்ட?"

"வேற எப்ப? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒருநாளும் விட்டதில்லண்ணே."

எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடும் என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

"டீ குடிச்சாத்தானண்ணே? பிரேக்கே பத்து நிமிசம். நீ சொன்ன மாதிரி முப்பத்திரண்டு தடவ மென்னா, ஒரு உருண்ட முடியறதுக்குள்ள பெல் அடிச்சிரும். டீக்கு வரிசையில நிக்க நேரமேது? மூணு மாசமா கம்பெனி டீயவே கண்ணுல பாக்கல. ஒம்மேல எம்புட்டுக் கோவத்துல இருந்தேன் தெரியுமா?"

மாலை 4.00. முகாம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். ஸ்டெல்லாவின் விரலில் ஊசி குத்தினார்கள். பன்னிரண்டு புள்ளி எட்டு. சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, கட்டிலில் படுத்துக் கையை நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணனும் குடுக்கலாமுங்களே" என்றார் நர்ஸ்.

தோரணையாக விரலை நீட்டினேன். பன்னிரண்டுதான் இருந்தது.

"டீ நெம்பக் குடிப்பீங்களாட்ட இருக்குதுங்க" என்றார் அவர். கட்டிலில் ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில், கையை ஆட்டாதீங்க என்று நர்ஸ் அவளை அதட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்பதால் அன்று மாலை 5.30 பஸ்ஸுக்கே கிளம்பினேன். ஸ்டெல்லா டப்பாவில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை என்னிடமே கொடுத்தாள். "ஒனக்குத்தான் வேணும். நல்லா மென்னு தின்னு."

தாராபுரத்தில் பஸ் நின்றது. "பத்து நிமிசம் நிக்குமுங்க, டீ குடிக்கறவங்க குடிச்சுக்குங்க" என்றார் நடத்துநர். எல்லோரும் இறங்கிப் போனார்கள். நான் ஓர் உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, ஜன்னல் வழியே டீக்கடையைப் பார்த்தபடி எண்ணி எண்ணி மென்றேன். அது முடிவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.