புரியாமல் தட்டிய ஆர்

எனக்குப் புரியாத ஒரு செய்தியை முழுதாக வாங்கிக்கொண்டதாகப் பதில் அனுப்பினேன். அதனால் ஒரு குழந்தை வயிற்றிலேயே இறந்தது. எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் நடந்தது இதுதான்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் கல்லூரி ஆசிரியர். என் நண்பர், போன் எட்டாத கல்வராயன் மலைமேல் பள்ளி ஆசிரியர். சென்னைக்குச் சேர்ந்தே போய் ஹாம் ரேடியோ தேர்வு எழுதினோம். புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் பகுதியில் நான் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். அவர் கார் பேட்டரியில் ஓடும் சின்ன செட் ஒன்றைத் தானே செய்து மலைக்குக் கொண்டுபோனார். தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், மோர்ஸில் பேசிப் பழகுவோம். மழை பெய்ததா, பஸ் வந்ததா, அவ்வளவுதான் பேச்சு.

சில மாதங்களில் அவர் கை வேகமாகிவிட்டது. என் காது பின்தங்கியது. மெதுவாக அனுப்பச் சொல்ல மூன்றே எழுத்துகள் போதும். அதைத் தட்ட எனக்கு வெட்கம். ஊருக்கு வரும்போதெல்லாம் சீண்டுவார்.

"இன்னாண்ணே, இன்னும் ஒண்ணாங்கிளாஸ்தானா? ஒரு ஸ்லேட்டு வாங்கியாரட்டா?"

"போய்யா வாத்தியாரே. நீ இன்னும் வேகமா அடி, நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்."

பொய். பாதி புரியாமலே 'ஆர்' தட்டிக்கொண்டிருந்தேன். அனுப்பியதெல்லாம் வந்து சேர்ந்தது என்பதற்கு அந்த ஓர் ஆங்கில எழுத்துதான் அத்தாட்சி. மழைப் பேச்சில் பாதி போனால் என்ன என்று நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை. இரைச்சலுக்கு நடுவே அவர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தார். 'மழை', 'பஸ்' என்று இரண்டு சொற்கள் பிடிபட்டன. மழையில் பஸ் வரவில்லை என்கிறார் என்று மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். ஆர் தட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

கர்ப்பமாக இருந்த அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மறுநாள் கல்லூரியில் கேள்விப்பட்டு ஓடினேன். தாழ்வாரத்தில் நின்றிருந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"ஜீப்பு எங்கண்ணே மாட்டிக்கிச்சு?"

"எந்த ஜீப்பு?"

என்னையே பார்த்தார். "ரத்தம் போவுது, மழையில பஸ்ஸு வரல, அடிவாரத்துல கச்சிராயபாளையத்துல ஒரு ஜீப்பு புடிச்சி அனுப்புங்கன்னு அடிச்சேனே. நீங்க ஆர் குடுத்தீங்களேண்ணே."

அவரே தொடர்ந்தார்.

"கட்டில்ல வெச்சித் தூக்கிக்கினு போலாம்னு ஆளுங்க வந்து நின்னாங்க. நான்தான் வேணாம்னேன். ஜீப்பு வந்துக்கினு இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். மத்தியானம் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கினு இருந்தோம். அப்புறம்தான் ஆளுங்கள மறுபடி கூப்ட்டுத் தூக்கிக்கினு எறங்கினோம்."

மனைவியைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை போய்விட்டது. என் ஆரை நம்பி அவர் ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்பது மட்டும் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. உண்மையைச் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

அவர்கள் மலைக்குத் திரும்பிய பிறகு பஸ் ஏறிப் போய், இருவர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். இரைச்சல் அல்ல காரணம், மாதக்கணக்கில் புரியாமலே ஆர் தட்டி வந்தேன் என்றேன். அவர் மனைவிதான் கேட்டார்.

"மெதுவா அடிங்கன்னு கேட்டிருந்தா இவரு மாட்டேன்னா சொல்லியிருப்பாரு?"



அதன்பின் வெறி பிடித்தவன்போல் மோர்ஸ் பழகினேன். எவ்வளவு வேகமாக வந்தாலும் பிடிக்க முடிந்தது. அவர் வழக்கமாக அழைக்கும் நேரத்தில் தினமும் செட்டின் முன் உட்கார்ந்தேன். நெடுநாள் மலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பிறகொரு காலை அவர் அழைத்தார். மேலே ஒருவருக்குக் காய்ச்சல், இன்ன மருந்தை வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். தேர்வு அறையில் கேட்ட அதே மெதுவான வேகத்தில் அடித்தார். ஓர் எழுத்து விடாமல் புரிந்தது. ஆர் தட்டினேன்.

அவர் விடைபெறவில்லை. 'முழுவதையும் திருப்பி அனுப்பவும்' என்று அடித்தார்.

மருந்தின் பெயரிலிருந்து பஸ் நேரம்வரை எல்லாவற்றையும் அப்படியே திருப்பித் தட்டினேன். அதன் பிறகுதான் அவர் விடைபெற்றார். அடுத்தடுத்த தடவைகளிலும் அப்படியே செய்தார்.

நாளடைவில் அவர் கேட்பதற்கு முன்பே திருப்பி அனுப்பப் பழகிக்கொண்டேன். ஆர் தட்டுவதை விட்டுவிட்டேன். எங்கள் பேச்சு மீண்டும் மழைக்கும் பஸ்ஸுக்கும் வர வெகுகாலம் ஆயிற்று. வந்த பிறகும், மழை பெய்தது என்று அவர் அனுப்பினால், மழை பெய்தது என்று நான் திருப்பி அனுப்புவேன். அதுவரை அவர் காத்திருப்பார்.