மல்லிகை சென்ட்டும் கொழுந்தனாரின் முழங்கையும்

என் ஓரகத்திக்கு வீட்டில் வைத்த பெயர் மூக்குக்காரி. தொலைபேசியில் பேசுகிறவர் அன்று தலைக்குக் குளித்தாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். நான் வெங்காயம் நறுக்க நினைத்தாலே அடுத்த அறையில் அவளுக்குக் கண் கலங்கும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ரொம்ப இல்லை.

இப்பேர்ப்பட்டவள் ஒரு சென்ட் கம்பெனியில் வாசனை கலக்கும் வேலையில் இருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, முதலாளியம்மாவுக்கு மல்லிகை ஆசை வரும்வரை.

"பறிச்ச பூ மாதிரியே இருக்கணும். வெள்ளிக்கிழமை வியாபாரிங்க வர்றாங்க. அதுக்குள்ள பூ வாசனை வரலைன்னா, நீ பினாயில் பிரிவுக்குப் போயிடு."

பினாயில் பக்கம் போன மூக்கு அப்புறம் எதற்கும் உதவாது. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுவாள், எழுந்தால் ஜன்னலைத் திறப்பாள், திறந்ததை உடனே மூடுவாள்.

"அப்படி என்னடி இருக்கு அந்தப் பூவில?" என்றேன்.

"விரியும்போது பச்சை வாசனை அக்கா. அப்புறம் பால் மாதிரி ஒரு குழைவு. கடைசியில கொஞ்சம் கள்ளத்தனம், அழுகப்போற வாசனை. அதை விட்டுட்டா வெறும் சோப்பு. கூடிப்போனா சாக்கடை."

"நம்ம மாமியார்கிட்ட இதுல எது தூக்கல்?"

அவள் சிரிக்கவில்லை. விஷயம் முற்றிவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வாசனை கலப்பவர்கள் மூக்கு களைத்தால் தங்கள் முழங்கை மடிப்பை மோந்துகொள்வார்கள். சொந்தத் தோல் மூக்குக்குப் பழகிப்போனது. அதை மோந்தால் மூக்கு ஆறி, மற்றதெல்லாம் புதிதாய்த் தெரியும். இவளோ பதற்றத்தில் ஒவ்வொரு கலவையையும் கையிலேயே தடவிப் பார்த்தாள். மணிக்கட்டில் இடம் தீர்ந்து, மேலே மேலே ஏறி, முழங்கை மடிப்புக்கே வந்துவிட்டாள். அங்கும் மல்லிகை ஊறிவிட்டது. மல்லிகையால் மூக்கை ஆற்றிக்கொண்டு மல்லிகையைத் தேடினால் கிடைக்குமா? "வரலையே, பூ வரலையே" என்று இன்னும் இன்னும் ஊற்றினாள்.

அவள் ஏறினால் பஸ்ஸில் பாதிப் பேர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். எங்கள் ஜன்னலில் தேனீக்கள் வரிசையில் நின்றன. நம்பாவிட்டால் போங்கள்.

வெள்ளிக்கிழமை காலை, லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர், என் கொழுந்தனார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"என்னால முடியலம்மா. தட்டுல மல்லிகை, தலையணையில மல்லிகை. டிரைவருங்க எல்லாம் 'என்ன மாப்ளே, யாருக்குப் பூ வாங்கினே?'ன்னு கேக்கறாங்க."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேங்க!"

"உன் கையையே மோந்துட்டிருந்தா எப்படித் தெரியும்? இந்தா, என் கையை மோந்து பாரு."

சட்டைக் கையைச் சுருட்டி, மல்லிகை எட்டாத முழங்கை மடிப்பை நீட்டினார். மோந்தாள். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய வாசனை. அதுவும் அவள் மூக்குக்குப் பழகியதுதான். உடனே தான் கலந்து வைத்திருந்த சென்ட் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள்.

"ஐயையோ! ஊரையே மயக்கம் போட வெச்சிருப்பேன்!"

அவரையும் இழுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடினாள். கலக்கும் அறையில் அவர் கையை நீட்டியபடி நிற்க, ஒரு சொட்டு விடுவதும் அவர் கையை மோப்பதுமாக எல்லாவற்றையும் முதலிலிருந்து கலந்தாள்.

முதலாளியம்மா வந்தார். "இவர் யாரு?"

"வீட்டுக்காரரும்மா. மூக்கு ஆத்திக்கக் கூட்டிட்டு வந்தேன்."

சென்ட் தோய்த்த காகிதத்தை முதலாளியம்மா முகர்ந்தார். அறையைச் சுற்றி நடந்தார், மறுபடி முகர்ந்தார். சென்ட் தன் குணத்தை மெல்ல மெல்லத்தான் காட்டும். ஓரகத்தி மேசையிலிருந்த மூடிகளைத் திறந்து திறந்து மூடினாள்.

"கடைசியில ஏதோ கெட்ட வாசனை வருதே."

"அது பூவோடதும்மா. வேணாம்னா... எடுத்துடறேன்."

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தார். கன்னம் சிவந்தது என்று கொழுந்தனார் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

"எடுத்தே, கையை ஒடிச்சிடுவேன். வியாபாரிங்களை உள்ளே வரச் சொல்லு."

முதலாளியம்மா போனதும் கொழுந்தனார் மெதுவாகக் கேட்டார்: "நான் சட்டைக் கையை இறக்கிக்கலாமா?"

"இருங்க, வியாபாரிங்க வேற என்னென்ன சொல்லப் போறாங்களோ!" என்று அவர் கையை இழுத்து மறுபடியும் மோந்தாள்.