குக்கருக்குக் கொடுத்த முகவரி

புனேயில் எங்களுக்குச் சமைத்துப் போடும் அம்மாள் குள்ளமானவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருப்பார். பேச்சு பாதி வேலூர், பாதி இந்தி: குடிசைப் பகுதி அவருக்கு 'பஸ்தி', நான் 'தீதி', அதாவது அக்கா.

"எங்க பஸ்திக்குள்ள டெலிவரிக்காரன் வரமாட்றான் தீதி. உங்க அட்ரஸ் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டு ஒருமுறை குக்கர் வரவழைத்தார். எங்கள் அடுப்பிலேயே அதை விசில் அடிக்க வைத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுபோனார். அப்புறம் வந்த மிக்ஸியையும் அப்படித்தான், எங்கள் தேங்காயைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்.

சென்ற மாதம் தோசைக்கல்லைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார்:

"பொண்ணு வேலைக்கு எழுதிப் போடறா. எங்க ஏரியா பேரப் பாத்ததும் யாரும் கூப்புடறதில்ல. அவளுக்கும் உங்க அட்ரஸ் போட்டுக்கட்டுமா?"

குக்கருக்கு உடனே சரி என்ற நான், "யாராவது விசாரிச்சு வந்தா என்ன சொல்றது?" என்றேன்.

"வேலைக்குப் போகப் போறது அவதானே தீதி, வீடு இல்லியே."

போட்டுக்கொள்ளச் சொன்னேன். எங்களுக்கே அது பதினோரு மாத ஒப்பந்தத்தில் எடுத்த வாடகை வீடு. இந்த ஊருக்கு வந்த புதிதில், அந்த முகவரியை எழுதிக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியபோது வங்கியில் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அது எனக்கா, அந்த முகவரிக்கா என்பதுதான் இப்போது தெரியவில்லை.