இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தள்ளு

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ரசாயன ஆராய்ச்சி வேலை. கல்யாணமான புதிதில் திருநெல்வேலியிலிருந்து போய் இறங்கிய எனக்கு அந்த ஊரில் அவரைத் தவிர வேறு நாதி கிடையாது. காலையில் அவர் டிராம் ஏறிப் போய்விட்டால் சாயங்காலம் வரை நானும் எங்கள் மாடி ஜன்னலும்தான். ஜெர்மன் மொழி, கடைக்குப் போய்ப் பாலும் உருளைக்கிழங்கும் வாங்கும் அளவுக்குத் தெரியும். அதற்கு மேல் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நழுவிவிடுவேன்.

எங்களுக்கு இருந்த ஒரே தமிழ் நண்பர், அங்கே எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். விடுமுறையெல்லாம் தொழிற்சாலையில் உழைத்து ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். முதுகு வளைந்த வண்டு மாதிரி இருக்கும். அதைத் துடைத்துத் துடைத்து அவர் வைத்திருந்த அழகைப் பார்த்தால், பெண் பார்க்கப் போகிறவர் கூட அவ்வளவு சிங்காரிக்க மாட்டார். அக்டோபர் மாதத்தில் ஒருநாள் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றார்.

"அக்கா, அம்மாவுக்குக் கடும் சுகமில்லையாம். நான் இண்டைக்கே வெளிக்கிடுறன். காரை உங்கட வீட்டு வாசல்ல விட்டிட்டுப் போறன், ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கும் கார் ஓட்டத் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது. ஆனால் நிற்கிற காரைப் பார்த்துக்கொள்ள என்ன வித்தை வேண்டும்? "சோறா கேக்கப் போகுது?" என்றார் என் கணவர். எனக்கும் அது சரி என்றே பட்டது.

அடுத்த வாரமே நகராட்சி ஆட்கள் எங்கள் தெருவில் வரிசையாகப் புதுப் பலகைகளை நட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் நாள் முழுக்க எங்கள் தெருவை அடைத்துக்கொள்கிறார்களாம். அதனால் இனிமேல் பகலில் எந்தக் காரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. நீலநிற அட்டை ஒன்று உண்டு. அதில் கடிகாரம் போல ஒரு வட்டம் இருக்கும். வந்து நிறுத்திய நேரத்தை அதில் திருப்பி வைத்து, கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். இப்போது பல நகரங்களில் தெருவில் குடியிருப்பவர்களுக்கென்று தனி அனுமதி அட்டை கொடுக்கிறார்கள், அது இருந்தால் நாள் முழுக்க நிறுத்தலாம். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அந்தச் சலுகை இல்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கும் கடைக்குச் செருப்பு வாங்க வந்தவனுக்கும் ஒரே சட்டம்.

நான் அசரவில்லை. நீல அட்டை ஒன்று வாங்கி வந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாடிப்படி இறங்கி, காரைத் திறந்து, வட்டத்தைத் திருப்பி வைத்துவிட்டு மேலே வந்துவிடுவேன். சட்டத்தை இத்தனை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவள் ஜெர்மனியிலேயே நான் ஒருத்திதான் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெண்மணி இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல ஆகிருதி. ஜன்னல் விளிம்பில் தலையணையைப் போட்டு, அதில் முழங்கையை ஊன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பூனை கூடத் தெருவைக் கடக்க முடியாது. அவரைக் கண்டாலே எனக்கு உதறல். மூன்றாம் நாள் நான் அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, அவர் ஜன்னல் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். வெளியே வந்து, காரின் கண்ணாடியில் செருகியிருந்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். நான் அதை ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன்.

அவர் மெதுவாக, கையாலும் வாயாலும் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இதுதான். அது போலீஸ் வைத்துவிட்டுப் போன எச்சரிக்கைச் சீட்டு. திருப்ப வேண்டியது அட்டையை அல்ல, நகர்த்த வேண்டியது காரை. பார்க்கிங் கண்காணிக்க வரும் போலீஸ்காரி, சக்கரத்தில் காற்றடிக்கிற வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது வால்வு அதே இடத்தில் இருந்தால், கார் அசையவில்லை என்று அர்த்தம். இந்தக் கார் பல நாளாக அசையவில்லை. நாளைக்கும் அசையாவிட்டால் கொக்கி போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதற்கு முந்தின நாள்தான் எதிர்வரிசையில் ஒரு காரை, கோழியைக் காலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருந்தேன். தாயின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் அது. திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வேன்? சாயங்காலம் என் கணவரிடம் சொன்னபோது அவரும் முழித்தார்.

"லேப்ல லைசென்ஸ் உள்ளவங்க இருக்காங்க. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எக்ஸ்பெரிமென்ட்டை விட்டுட்டு யார் வருவா?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் வேலைக்குப் போன பிறகு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டம்மாள். சமையல் ஏப்ரனோடு, பின்னால் மேல்மாடியில் குடியிருந்த இளம்பெண்ணையும் கூட்டிக்கொண்டு நின்றார்.

"சாவி இருக்குல்ல? எடுத்துட்டு வா."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி கையைக் காட்டிக் கேட்டேன்.

"தெரியாது. தள்ளத் தெரியும்."

எங்கள் காருக்கு முன்னால் நின்ற கார்க்காரர் கிளம்பிப் போயிருந்தார். அந்தக் காலி இடத்துக்குத்தான் தள்ள வேண்டும். என்னை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரச் சொன்னார். லைசென்ஸ் இல்லையே என்று பயந்தேன். "எஞ்சின் ஓடலையே, நீ எங்கே ஓட்டறே? சும்மா உட்கார்ந்திருக்கே, அவ்வளவுதான்" என்றார். அது சட்டமோ, அவர் அந்த நிமிடத்தில் போட்ட தீர்ப்போ, எனக்கு இன்றுவரை தெரியாது.

உட்காரப் போன எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வண்டியில் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன், அதுவும் அடுத்தவர் வண்டி. ஓடிப்போய்ச் சமையலறையில் சாதத்துக்கு வைத்திருந்த ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி கேட்க நேரமில்லாததால், கியரையும் ஹேண்ட்பிரேக்கையும் விடுவித்துவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினார்கள். பழம் நசுங்கியது, கார் நகர்ந்தது. நான் முருகா முருகா என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். ஒரு கார் நீளம் வந்திருப்போம். அதற்கே காசிக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

நீல அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு இறங்குகிறேன், தெருமுனையில் போலீஸ்காரி வந்துகொண்டிருந்தாள். தொப்பி, தோளில் பை, கையில் குறிப்பேடு. எங்கள் காருக்கு முன்னால் குனிந்து வால்வைப் பார்த்தாள். என் போதாத காலம், சக்கரம் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, வால்வு பழையபடி உச்சியில் வந்து நின்றிருந்தது!

"அட்டையை மட்டும் திருப்பியிருக்கீங்க. கார் நகரவே இல்லை. இனிமே இதைத் தூக்கத்தான் சொல்லணும்" என்றாள்.

கீழ்வீட்டம்மாள் விடவில்லை. போலீஸ்காரியின் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போய், தரையில் நசுங்கிக் கிடந்த பழத்தைக் காட்டினார். பிறகு முன்னால் இழுத்து வந்து, டயரில் ஒட்டியிருந்த விதைகளையும் சாற்றையும் காட்டினார். அங்கே நசுங்கின பழம் இங்கே ஒட்டியிருக்கிறது என்றால், கார் பறந்தா வந்தது என்று கேட்டார். போலீஸ்காரி குனிந்து டயரை மோந்து வேறு பார்த்தாள்.

"எலுமிச்சம்பழம் எதுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஜெர்மன் வார்த்தைகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, "எங்க ஊர்ல வழக்கம். பயணம் நல்லபடியா இருக்கணும்னு" என்றேன்.

அவள் காருக்குப் பின்னால் இருந்த தூரத்தை ஒரு பார்வை பார்த்தாள். "இந்தப் பயணமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். மேல்மாடிப் பெண் சிரித்தாள். கீழ்வீட்டம்மாள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்தன. அந்த நாட்டில் காலடி வைத்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்ததும் அன்றைக்குத்தான். நகர்ந்தது நகர்ந்ததுதான் என்று சொல்லி, குறிப்பேட்டை மூடிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அது எங்களுக்கு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கீழ்வீட்டம்மாள் வந்து மணியடிப்பார். ஒரு தடவை முன்னால் தள்ளுவோம், அடுத்த தடவை பின்னால். இடம் காலியாக இல்லாவிட்டால், காலியாகும்போது அங்கே போய் இடுப்பில் கைவைத்து நின்றுகொள்வார். எந்தக் காருக்கும் அவரைத் தாண்டி வரத் துணிச்சல் இருக்காது. எங்கள் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மாதிரி, மேல்மாடிப் பெண் ஒரு மரத்துண்டோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வருவாள். தள்ளி முடித்ததும் கீழ்வீட்டில் காப்பி. மழை பெய்தால் என் வீட்டில் வடை. இப்படித்தான் எனக்கு ஜெர்மன் பேச வந்தது. அதில் பாதி, இடத்தைப் பிடிக்க வந்த கார்க்காரர்களைத் திட்டுகிற ஜெர்மன்.

நவம்பர் கடைசியில் நண்பர் திரும்பி வந்தார். அவர் தாயார் பிழைத்துக்கொண்டார், தெய்வாதீனம். பனங்கட்டிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அட அக்கா! நான் விட்ட இடத்திலயே நிக்குது. ஒரு அங்குலம் கூட அசையேல்லைப் போல!"

அதை நான் ஜெர்மனில் சொன்னதும், கீழ்வீட்டம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். நண்பருக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த இரண்டு பெண்களின் கைகளையும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போனார்.

தெருவில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. அன்று இரவு என் கணவரிடம், இனி நிம்மதி என்று சொன்னேன். ஆனால் நாளைக்கு மறுபடியும் நானும் ஜன்னலும்தான் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், அதே ஏப்ரனோடு கீழ்வீட்டம்மாள்.

"கார்தான் போயிடுச்சே" என்றேன்.

"கார் போச்சு. மணி பத்து ஆகலையா?" என்று சொல்லிவிட்டு, நான் வருகிறேனா என்று கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். சட்டியில் தாளித்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அவர் பின்னாலேயே ஓடினேன். நாங்கள் அந்த ஊரை விட்டு வரும்வரை, பத்து மணிக்காப்பி ஒருநாளும் தவறவில்லை.

பிற்பாடு அந்தத் தெருவிலும் குடியிருப்பவர்களுக்கு அனுமதி அட்டை கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரும் யாருடைய காரையும் தள்ள வேண்டியதில்லை, சௌகரியம்தான். ஆனால் இன்றைக்கும் பக்கத்து வீட்டில் புதிதாக யாராவது குடிவந்து, யாரோடும் பேசாமல் ஜன்னலோரம் நிற்பதைக் கண்டால், அவர்களுக்குத் தள்ளுவதற்கு ஒரு கார் இல்லையே என்று என் மனசு அடித்துக்கொள்கிறது; உடனே காப்பிக்குத் தண்ணீரை வைத்துவிட்டு, போய் அவர்கள் வீட்டு மணியை அடித்துவிடுகிறேன்.