மலை மேல் குடியேறிய ஆற்றங்கரைத் தெரு

அலுவலகத்தில் அவளுக்குப் புயலக்கா என்று பெயர். வேலைக்காகப் பாதி, குணத்துக்காகப் பாதி வைத்தது. பத்தாயிரம் வருட மழையைக் கணினிக்குள் பெய்ய விட்டு, எந்த ஊர் எவ்வளவு மூழ்கும், இழப்பீடு எவ்வளவு ஆகும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்வாள். அதைப் பார்த்துத்தான் அவை, தங்களால் தாங்க முடியாத இழப்புக்கு வேறிடத்தில் மறுகாப்பீடு வாங்கும். கற்பனை வெள்ளத்தில் பொறுமையாக நீந்துகிறவளுக்கு நிஜ மனிதர்களிடம் அந்தப் பொறுமை ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்காது.

அன்றைய கோபத்துக்குக் காரணம் வரைபடத்தில் ஒரு புள்ளி. முகவரி சரியில்லாத வீடுகளை மென்பொருள் அந்த அஞ்சல் வட்டாரத்தின் நட்டநடுவில் வைத்துவிடும். இந்த வட்டாரத்தின் நடுவில் இருந்தது ஒரு மலை. ஆற்றங்கரைத் தெரு மொத்தமும், அவளுடைய அண்ணன் வீடு உட்பட, உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குந்தியிருந்தது. பத்தாயிரம் வருடம் பெய்தும் ஒரு பாய்கூட நனையவில்லை.

"சார், இவங்கள கீழ இறக்கணும்."

"ஏம்மா, அவங்க பாட்டுக்கு மேல நிம்மதியா இருக்காங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இந்த நம்பர் பிடிச்சிருக்கு" என்றார் மேலாளர்.

"தண்ணி நம்பரப் பாத்தா சார் வரும்? தெரு முழுகுனா கம்பெனியும் சேந்து முழுகும். அப்புறம் யாரு குடுப்பா?"

"கத்தாதம்மா, ஜன்னல் கண்ணாடி அதிருது."

இறக்கினாள். காப்பீட்டு நிறுவனம் கூடுதலாக மறுகாப்பீடு வாங்கும் என்று நினைத்தாள். அது அதைவிட மலிவான வழியைக் கண்டுபிடித்தது: அந்தத் தெருவுக்கு இனி வெள்ளக் காப்பீடு கிடையாது.

அண்ணன் போனில் வந்தான்.

"உன் கம்ப்யூட்டர்ல மழ பெஞ்சா என் பாலிசிய ஏன்டி புடுங்குறாங்க? மலை மேலயே விட்டிருக்கலாம்ல?"

"வெள்ளம் வந்தா ஏணி போட்டு ஏறுவியா?"

"என் வீட்டுத் தரைய எவ்வளவு உசத்திக் கட்டியிருக்கேன்! அது தெரியுமா உன் மெஷினுக்கு?"

தெரியாது. உயரம் தெரியாத தரையை மென்பொருள் ரோட்டோடு ரோட்டாகவே வைக்கும். மலையைக் கண்டுபிடித்த கெட்டிக்காரி, தரையைக் கேட்க மறந்திருந்தாள். இப்போது தன்மேலும் கோபம். தரையின் உயரத்தை அளந்து தந்தால் மறுபடி பார்ப்பதாக நிறுவனம் முனகியது. அளக்க ஆள் அனுப்ப மாட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு போய் நின்றாள். அண்ணன் வா என்றுகூடச் சொல்லாமல் ஒரு முனையை ரோட்டில் அழுத்திப் பிடித்தான்.

"இழுத்துப் பிடி. தூங்காத."

"இடுப்பளவு இருக்கு, பாத்துக்க."

"உன் இடுப்பயெல்லாம் கம்ப்யூட்டர்ல போட முடியாது. சென்டிமீட்டர் சொல்லு."

பக்கத்து வீட்டு அம்மா கேட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீடு கொஞ்சம் பள்ளம்மா. பாத்துக் கொஞ்சம் கூட்டிப் போடேன்."

"பள்ளம்னா பள்ளம்னுதான் போடுவேன்."

"மேட்டுல இருக்கவங்களுக்குத்தான் குடுப்பாங்கன்னா, அதுக்குப் பேரு எதுக்கு இன்ஷூரன்ஸ்?"

பத்தாயிரம் வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. புயலக்கா அண்ணன் கையிலிருந்து நாடாவைப் பிடுங்கினாள்.

"கேட்டத் திறங்கம்மா. உங்க பள்ளத்தையும் அளந்து அவங்க மேசையிலயே கொண்டுபோய்ப் போடுறேன். மேட்டுல இருக்கவங்களுக்கு மட்டும்தான்னு அவங்க வாயால சொல்லட்டும். நாளைக்கு அங்க கண்ணாடி மிஞ்சாது."